சுடோகு ஆப்புக்குப் பின்னால் ஒரு பார்வையிழந்த மேதை: யார் இந்த லியோன்ஹார்டு ஆய்லர்?

ஆபீஸ் கேபில் ஏறி உட்கார்ந்ததும் சுடோகு ஆப்பைத் திறப்பவரா நீங்கள்? ஈஸி லெவல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீடியமும் ஓகே. எக்ஸ்பர்ட் லெவலுக்குப் போனால்தான் சிக்கல். பாதிக் கட்டங்கள் நிரம்பிய பிறகு ஓரிடத்தில் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் வர வேண்டியது 4-ஆ, 9-ஆ? சும்மா 4-ஐப் போட்டுப் பார்க்கிறோம். சிவப்பு. சரி, அப்போ 9தான். ஆட்டம் நகர்கிறது. ஆனால் அது ஏன் 9 என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

இதே மாதிரி ஒரு கட்டப் புதிரில் உலகின் மிகப் பெரிய கணித மேதைகளில் ஒருவரும் மாட்டிக்கொண்டார். அவரும் ஒரு ஊகத்தைத்தான் முன்வைத்தார். அவரிடம் ஆப் இல்லை. அவர் ஊகத்தின் மேல் சிவப்பு விழ 177 ஆண்டுகள் ஆயின. அந்தச் சிவப்பைப் போட்ட மூவரில் இரண்டு பேர் இந்தியர்கள்.

அவர்தான் லியோன்ஹார்டு ஆய்லர். நம் பாடப்புத்தகங்கள் சிலவற்றில் யூலர் என்றும் இருக்கும்.

சுடோகுவைக் கண்டுபிடித்தது ஆய்லரா?

வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் அப்படித்தான் வருகிறது. உண்மை அதுவல்ல. நாம் இன்று ஆடும் 9×9 சுடோகு 1979-ல்தான் அச்சில் வந்தது. ஆய்லர் இறந்தது 1783-ல்.

அவர் ஆராய்ந்தது சுடோகுவின் முக்கால்வாசி விதியை. ஒரு சதுரத்தில் எந்தக் கிடைவரிசையிலும் எந்த நெடுவரிசையிலும் ஒரே எழுத்து இரண்டு முறை வரக் கூடாது. இதற்கு லத்தீன் சதுரம் என்று பெயர். ஆய்லர் கட்டங்களை நிரப்ப லத்தீன் எழுத்துகளைப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. இந்த வகைச் சதுரங்களும் அவருக்கு முன்பே இருந்தவைதான். கொரியாவில் 1715-ல் காலமான சோய் சோக்-ஜோங் என்ற அமைச்சர், இரண்டு 9×9 லத்தீன் சதுரங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்தியே காட்டியிருக்கிறார். ஆனால், இவற்றை ஒரு வேடிக்கைப் பொருளாக இல்லாமல் கணிதக் கேள்வியாக மாற்றி ஐரோப்பாவின் முன் வைத்தவர் ஆய்லர். அதுவும் எழுபது வயதைத் தாண்டிய பிறகு, கண் தெரியாத நிலையில்.

பாதிரியார் ஆகியிருக்க வேண்டியவர்

1707 ஏப்ரல் 15 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆய்லர் பிறந்தார். அப்பா பால் ஆய்லர் தேவாலயப் போதகர். மகனும் அதே வழியில் போக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அப்பாவுக்கே கொஞ்சம் கணிதப் பித்து உண்டு. படிக்கும் காலத்தில் யாக்கோப் பெர்னூலியின் வகுப்புகளுக்குப் போனவர்.

13 வயதில் ஆய்லர் பாசல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். யாக்கோபின் தம்பி யோஹான் பெர்னூலி அங்கே பேராசிரியர். தனியாக ட்யூஷன் எடுக்க நேரமில்லை என்று கைவிரித்த அவர், ஒரு ஏற்பாட்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். கடினமான புத்தகங்களை ஆய்லர் தானே படிக்க வேண்டும். புரியாததை வாரம் ஒரு மதியம் வந்து கேட்கலாம். குருவிடம் போகும்போது கேள்விகள் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே வாரம் முழுக்க ஆய்லர் முட்டிமோதிப் படித்தார். பையனின் திறமையைப் பார்த்த யோஹான்தான் அவனைக் கணிதத்துக்கு விட்டுவிடும்படி அப்பாவைச் சம்மதிக்கவைத்தார்.

சொந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை. பாசல் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் இடத்துக்கு விண்ணப்பித்தார், நடக்கவில்லை. 1727-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாடமிக்குக் கிளம்பினார். அதன் பிறகு அவர் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பவே இல்லை.

நடக்காமலேயே சொன்ன பதில்

ரஷ்யாவில் முதல் 14 ஆண்டுகளிலேயே ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிவிட்டார். 1 + 1/4 + 1/9 + 1/16 என்று வர்க்க எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன வரும் என்பது பெர்னூலி சகோதரர்களையே திணறடித்த கணக்கு. வட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும் அந்தக் கணக்கின் விடையில் பை வருகிறது, பையின் வர்க்கத்தை 6-ஆல் வகுத்தால் வருவதுதான் விடை என்று 28 வயதுக்குள் காட்டினார்.

சுடோகு ஆடுபவர்களுக்கு அதைவிட முக்கியமானது 1735-ல் அவர் அகாடமியில் முன்வைத்த இன்னொரு புதிர். கோனிக்ஸ்பர்க் நகரில் ஆற்றின் மேல் ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை மட்டும் கடந்து நகரைச் சுற்றி வர முடியுமா? ஊர்க்காரர்கள் நடந்து பார்த்தார்கள், முடியவில்லை. ஆனால் நமக்கு வழி கிடைக்கவில்லை என்பது வேறு, வழியே இல்லை என்பது வேறு, இல்லையா?

ஆய்லர் எந்த வழியையும் நடந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு நிலத்துண்டிலும் எத்தனை பாலங்கள் சேர்கின்றன என்று எண்ணினார். ஒரு நிலத்துக்குள் ஒரு பாலத்தால் நுழைந்தால் இன்னொன்றால் வெளியேற வேண்டும். ஆகவே, கிளம்பும் இடத்தையும் முடியும் இடத்தையும் தவிர மற்ற எல்லா இடங்களிலும் பாலங்கள் இரட்டைப்படையில் இருந்தாக வேண்டும். கோனிக்ஸ்பர்க்கில் இருந்த நான்கு நிலத்துண்டுகளிலும் ஒற்றைப்படை. கதை முடிந்தது. வழி இல்லவே இல்லை.

எக்ஸ்பர்ட் லெவல் சுடோகுவில் வேலை செய்வது இதே புத்திதான். ஒரு வரிசையில் இரண்டு கட்டங்களில் 3 அல்லது 7 மட்டுமே வர முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதில் 3, எதில் 7 என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்த இரண்டு எண்களும் அந்த இரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிட்டன. ஆகவே அந்த வரிசையின் மற்ற கட்டங்களிலிருந்து 3-ஐயும் 7-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கலாம். போட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை இது, எண்ணிக்கையை வைத்துச் சொல்வது. ஆப்பில் பென்சில் படம் போட்ட நோட்ஸ் பட்டன் இருப்பதே இதற்காகத்தான். நிறைய பேர் அதைத் தொடுவதே இல்லை.

முதல் கண், இரண்டாம் கண்

1735-ல் உயிருக்கே ஆபத்தான காய்ச்சல் வந்தது. 1738-ல் வலது கண் பார்வை போனது. வரைபட வேலையில் கண்ணைக் கசக்கியதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். காய்ச்சலின் பின்விளைவாக இருந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு.

1741-ல் பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக்கின் அழைப்பில் பெர்லின் போய் 25 ஆண்டுகள் இருந்தார். மன்னருக்கு அரசவையில் சாமர்த்தியமாகப் பேசும் ஆட்கள் வேண்டும். ஆய்லரோ பக்திமான், குடும்பஸ்தர், நேராகப் பேசுபவர். அவரை ஒற்றைக்கண் அரக்கன் என்று மன்னரே கேலி செய்தார். அந்த ஒற்றைக் கண்ணோடுதான் நாம் ஸ்கூலில் படித்த கணிதத்தின் பாதியை அவர் எழுதிவைத்தார். f(x) என்று எழுதுவது அவர் பழக்கம். e என்ற எண்ணுக்கு அந்த எழுத்தைக் கொடுத்தவர் அவர். பை குறியீட்டைப் பரப்பியதும் அவர்தான்.

1766-ல் அரசி கேத்தரினின் அழைப்பில் மறுபடியும் பீட்டர்ஸ்பர்க். அதே சமயத்தில் இடது கண்ணில் புரை. 1771-ல் நடந்ததைப் படித்தால் யாருக்கும் மனசு கனத்துப்போகும். முதலில் தீ விபத்து, வீடு எரிந்துபோனது. ஓட வழி தெரியாமல் இருந்த அவரைப் பாசலைச் சேர்ந்த ஒரு தொழிலாளி தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்தார். கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி தப்பியது. அதே ஆண்டில் கண்புரை அறுவைசிகிச்சை. பார்வை திரும்பியது, சில நாட்களுக்கு மட்டும். பிறகு தொற்று ஏற்பட்டு, கிட்டத்தட்ட முழுமையாகப் போய்விட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1773-ல் மனைவி கத்தரீனா இறந்தார். அவர்களுக்குப் பிறந்த 13 குழந்தைகளில் சிறுவயதைத் தாண்டியவர்கள் ஐந்து பேர்தான்.

சாதாரணமாக இந்த இடத்தில் ஒருவரின் வாழ்க்கைக் கதை முடிந்திருக்கும். ஆய்லரின் மொத்தப் படைப்புகளில் ஏறக்குறைய பாதி 1766-க்குப் பிறகு வந்தவை!

எப்படி முடிந்தது? ஒன்று, நினைவாற்றல். லத்தீன் காவியமான ஈனியடை முழுக்க ஒப்பிப்பார் என்றும், தன்னிடமிருந்த பிரதியில் எந்தப் பக்கம் எந்த வரியில் தொடங்கி எதில் முடிகிறது என்பதுவரை சொல்வார் என்றும் அவரோடு பழகியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டு மாணவர்கள் ஒரு தொடரைக் கூட்டியபோது ஐம்பதாவது இலக்கத்தில் விடை வேறுபட, ஆய்லர் மனக்கணக்காகவே சரிபார்த்துத் தீர்ப்பு சொன்னார் என்பது இன்னொரு கதை.

ஆனால் நினைவாற்றலை மட்டும் சொன்னால் அது சூப்பர்ஹீரோ கதை ஆகிவிடும். அவரைச் சுற்றி ஒரு டீமே இருந்தது. மகன் யோஹான் ஆல்பிரெக்ட், வானியலாளர் லெக்ஸல், 1773-ல் பாசலிலிருந்து வந்து சேர்ந்த இளைஞர் நிக்கோலஸ் ஃபுஸ் ஆகியோர் எழுதினார்கள், கணக்கிட்டார்கள், வாதாடினார்கள். ஃபுஸ் பின்னாளில் ஆய்லரின் பேத்தியையே மணந்துகொண்டார். 1770-ல் வெளிவந்த இயற்கணிதப் பாடநூலை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தையல் தொழிலில் இருந்த ஓர் இளைஞர். கணிதமே தெரியாத அந்தப் பையன், எழுதி முடிப்பதற்குள் இயற்கணிதம் கற்றுக்கொண்டுவிட்டான் என்கிறது அந்தப் புத்தகத்தின் முன்னுரை.

36 அதிகாரிகள்: மாட்டிக்கொண்ட இடம்

1779 மார்ச்சில், 71 வயது ஆய்லர் ஒரு புதுவகை மாயச் சதுரம் பற்றிய கட்டுரையை அகாடமியில் முன்வைத்தார். 1782-ல் அது நெதர்லாந்தில் ஓர் அறிவியல் கழகத்தின் இதழில் அச்சானது. கட்டுரை ஒரு புதிரோடு தொடங்குகிறது. ஆறு படைப்பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஆறு வெவ்வேறு பதவிகளில் ஆறு அதிகாரிகள். மொத்தம் 36 பேரை 6×6 சதுரமாக நிறுத்த வேண்டும். எந்தக் கிடைவரிசையிலும் நெடுவரிசையிலும் ஒரே படைப்பிரிவோ ஒரே பதவியோ இரண்டு முறை வரக் கூடாது.

ஒரே கட்டத்துக்குள் இரண்டு சுடோகு ஓடுகிற மாதிரி. 3×3-ல் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். எண் என்பது பதவி, எழுத்து என்பது படைப்பிரிவு:

1அ 2ஆ 3இ
2இ 3அ 1ஆ
3ஆ 1இ 2அ

எந்த வரிசையிலும் எண் திரும்ப வரவில்லை, எழுத்தும் வரவில்லை. ஒன்பது ஜோடிகளும் வெவ்வேறு. ஆய்லர் இரண்டாவது அடுக்குக்குக் கிரேக்க எழுத்துகளைப் போட்டதால் இதற்குக் கிரேக்க-லத்தீன் சதுரம் என்று பெயர் வந்தது.

ஒற்றைப்படை அளவுகளுக்கும், 4-ஆல் வகுபடும் அளவுகளுக்கும் இதை எப்படி உருவாக்குவது என்று அவர் காட்டிவிட்டார். மிச்சம் இருந்தவை 2, 6, 10, 14, 18 என்று போகும் அளவுகள். 2×2-ல் முடியாது, நான்கே பேரை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள், அரை நிமிடத்தில் புரிந்துவிடும். 6×6-ல் அவரும் குழுவும் எவ்வளவோ முயன்றும் கிடைக்கவில்லை. கண்ணால் கட்டத்தைப் பார்க்கவே முடியாத ஒருவர், 36 இடங்களையும் அவற்றின் இரண்டு அடுக்குகளையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு, சொல்லிச் சொல்லி எழுதவைத்துத் தேடியது இது.

இங்கேதான் அவர் அந்த ஊகத்தைச் செய்தார். 6×6 முடியாது, அதோடு 10, 14, 18 என அந்த வகை அளவுகள் எதிலுமே முடியாது என்று எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. இளமையில் ஏழு பாலங்களில் வழி இல்லவே இல்லை என்று எண்ணிக் காட்டியவருக்கு, கிழவயதில் 36 அதிகாரிகளிடம் அப்படி ஒரு பிடி கிடைக்கவில்லை.

என் பார்வையில் ஆய்லரின் வாழ்க்கையிலேயே சுவாரஸ்யமான பக்கம் இதுதான். ஜெயித்த கதைகள் அவரிடம் ஏராளம். இது தோற்ற கதை.

கடைசி நாள்

1783 செப்டம்பர் 18. காலையில் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆண்டு ஐரோப்பாவே பேசிக்கொண்டிருந்தது பிரான்ஸில் பறந்த பலூனைப் பற்றி. பலூன் மேலே ஏறுவதைக் கணக்கிட்டு சிலேட்டில் எழுதிவைத்திருந்தார். மதியச் சாப்பாட்டின்போது, சில ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸின் சுற்றுப்பாதை பற்றி லெக்ஸலுடன் பேச்சு. மாலையில் மூளையில் ரத்தக்கசிவு. சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 76.

அவர் விட்டுச்சென்ற கட்டுரைகளை அச்சிட்டு முடிக்கவே பீட்டர்ஸ்பர்க் அகாடமிக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. பின்னர் தயாரிக்கப்பட்ட பட்டியலின்படி அவர் படைப்புகள் மொத்தம் 866.

சிவப்பு விழுந்த நாள்

6×6 விஷயத்தில் ஆய்லர் சரி. அல்ஜீரியாவில் பிரெஞ்சு அரசுப் பணியில் இருந்த கஸ்டோன் டாரி என்ற கணித ஆர்வலர், 1900-ஐ ஒட்டி, 6×6 லத்தீன் சதுரங்களின் 9,408 அடிப்படை வடிவங்களையும் வகைபிரித்து, கையாலேயே சரிபார்த்து, முடியாது என்று காட்டினார்.

மற்ற அளவுகளில் ஆய்லர் தவறு. இதற்கிடையே லத்தீன் சதுரங்கள் வயலுக்குப் போயிருந்தன. எந்த உரம் நல்லது, எந்த விதை நல்லது என்று சோதிக்கும்போது, மண்ணின் வேறுபாடு முடிவைக் கெடுக்காமல் இருக்கப் பாத்திகளை லத்தீன் சதுரமாக அமைப்பார்கள். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இந்தத் துறையில் ஊறியவர் ராஜ் சந்திர போஸ். பின்னர் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவரும், மத்தியப் பிரதேசத்தின் சாகரில் பிறந்த ஷரத்சந்திர ஸ்ரீகண்டேயும் சேர்ந்து 22×22 அளவில் ஒரு கிரேக்க-லத்தீன் சதுரத்தை உருவாக்கினார்கள். அது இருக்கவே கூடாது என்றல்லவா ஆய்லர் சொன்னார்! அமெரிக்கக் கணிதவியலாளர் எர்னஸ்ட் பார்க்கர் 10×10 சதுரத்தைக் கண்டுபிடித்தார். பிறகு மூவரும் சேர்ந்து, அந்த வகையில் 2, 6 தவிர எல்லா அளவுகளிலும் முடியும் என்று நிரூபித்தார்கள். 1959 ஏப்ரல் 26 அன்று நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. ஸ்ரீகண்டே 102 வயது வாழ்ந்து 2020-ல் காலமானார்.

36 அதிகாரிகள் அதற்குப் பிறகும் ஓயவில்லை. ஓர் அதிகாரி ஒரே நேரத்தில் பல படைப்பிரிவுகளின், பல பதவிகளின் கலவையாக இருக்க முடிந்தால்? குவாண்டம் இயற்பியலில் அது சாத்தியம். சென்னை ஐஐடியின் அருள் லட்சுமிநாராயண், சுஹைல் அகமது ராதர் ஆகியோரும் போலந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, குவாண்டம் அதிகாரிகள் என்றால் 6×6 முடியும் என்று காட்டினார்கள். 2022-ல் அந்தக் கட்டுரை வெளியானது. குவாண்டம் தகவல்களில் பிழை திருத்தும் முறைகளுக்கு இது உதவக்கூடியது.

அப்படின்னா 9×9?

லத்தீன் சதுரத்தோடு 3×3 பெட்டி விதியையும் சேர்த்து, சில எண்களை மட்டும் கொடுத்து மீதியைக் காலியாக விட்டவர் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்றே கருதப்படுகிறது. 1979-ல் ஒரு புதிர் இதழில், வேறு பெயரில் வெளியானது. 1984-ல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் எடுத்துக்கொண்டு சுடோகு என்று பெயர் சூட்டியது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்த வெய்ன் கவுல்ட் புதிர்களைத் தானாகத் தயாரிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதி, 2004 நவம்பரில் லண்டனின் தி டைம்ஸ் நாளிதழில் கொண்டுவந்தார். அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவி, நம் போனுக்கும் வந்தது. கார்ன்ஸ் 1989-லேயே இறந்துவிட்டார். இந்தப் பைத்தியத்தை அவர் பார்க்கவில்லை.

அந்தப் பெட்டி விதி சின்னதாகத் தெரியும். ஆனால் 9×9 லத்தீன் சதுரங்களில் சுமார் 8 லட்சத்துக்கு ஒன்றுதான் சுடோகுவாகத் தேறும். அதனால்தான் குறைந்தது 17 எண்கள் கொடுத்தாலே ஒரே ஒரு விடை உள்ள புதிரை அமைக்க முடிகிறது. 16 போதாது என்பதை 2012-ல் கம்ப்யூட்டர் துணையோடு நிரூபித்தார்கள். முறையாகத் தயாரித்த புதிருக்கு விடை ஒன்றுதான் என்பதால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காரணம் எங்கேயோ இருக்கிறது. 4-ஐப் போட்டு, சிவப்பைப் பார்த்து, 9-க்கு மாறும்போது அந்தக் காரணத்தைத்தான் தவறவிடுகிறோம். தவறுகளைச் சிவப்பில் காட்டும் வசதியைப் பல ஆப்களில் செட்டிங்ஸுக்குள் போய் ஆஃப் செய்துகொள்ளலாம். முதல் ஒரு வாரம் கடுப்பாகத்தான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல சுடோகு ஆப்களில் குழந்தைகளுக்கும் புதிதாக ஆடுபவர்களுக்கும் என்றே தனியாக ஓர் எளிய லெவல் வைத்திருப்பார்கள். ஒரே அடுக்குதான், எழுத்தெல்லாம் கிடையாது. அளவு: 6×6.